பதினோராவது மிக்ஸி

எந்தப் பொருளைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "கட்டுபடியாவுமா?"

புது ஏசி வாங்கலாமா, பழையதையே ரிப்பேர் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார். தாம்பரம் மார்க்கெட்டில் மாம்பழம் மலிந்து கிடந்தால் ஒன்றைக் கையில் எடுத்து, விற்கிற அம்மாவிடம், "இந்த வெலைக்குக் குடுக்கறியே, உனக்குக் கட்டுபடியாவுமா?" என்பார். ஆகாது என்று அவள் சொன்னால் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். பேரம் பேசத் தெரியாதவர் என்று நினைக்க வேண்டாம். நன்றாகவே பேசுவார். இரண்டு பக்கமும் நஷ்டமில்லாமல் முடிய வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். கேம்ப் ரோட்டிலிருந்து மாடம்பாக்கம் வரை ஏசி ஓடுகிற வீடுகளில் பாதிக்கு அவர் ‘ஏசி பாய்’. முழுப் பெயர் எனக்குத் தெரியும். அவருடைய கிரெடிட் கார்டு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவளே நான்தான். ஆனாலும் அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. படித்து முடிக்கும்போது நீங்களும் அதை ஒப்புக்கொள்வீர்கள்.

நான் அப்போது வேளச்சேரி சாலையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில், வாஷிங் மெஷின்களுக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒரு குட்டி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். கடை ஒருவருடையது, வங்கி இன்னொருவருடையது, எனக்குச் சம்பளம் தருகிற ஏஜென்சி மூன்றாமவருடையது. மூன்று பேருக்கும் என்னைத் திட்ட உரிமை இருந்தது. சாதாரணக் கார்டு விற்றால் டார்கெட்டில் ஒன்று குறையும். வருடக் கட்டணம் உள்ள பிரீமியம் கார்டு விற்றால் நான்கு குறையும். அதனால் யார் சட்டைப் பையைப் பார்த்தாலும் எனக்குப் பிரீமியமாகத்தான் தெரியும்.

பாய் வாரத்தில் இரண்டு நாளாவது யாரையாவது ஏசி வாங்க அங்கே அழைத்துவருவார். ஆகாய நீலத்தில் அரைக்கைச் சட்டை, நரைத்த தாடி, விரல் நுனிகளில் செம்புக் குழாய் அறுத்த தழும்புகள். ஒரு நாள் மடக்கிப் பிடித்தேன்.

"வேணாம்மா. எங்கள்ல வட்டி ஆவாது. வாங்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது."

"வட்டி கட்டாதவங்களுக்குத்தான் பாய் இந்தக் கார்டே லாபம். தேதிக்குள்ள முழுசாக் கட்டிட்டா ஒரு பைசா வட்டி கிடையாது. பாயிண்ட் மட்டும் சேந்துக்கிட்டே இருக்கும்."

விற்பனைக்காக நான் வாய் திறந்து சொன்ன மிகச் சில உண்மைகளில் அதுவும் ஒன்று. கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். பத்தாயிரம், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்றேன். "அந்தக் காசுக்கு ஒரு பழைய ஏசியே வாங்கிடுவேனே!" என்று எழுந்துவிட்டார். அவசரமாக, பாயிண்ட் சேர்ந்தால் விமான டிக்கெட் எடுக்கலாம் என்றேன்.

"எந்த ஊருக்கு?"

"எந்த ஊருக்கு வேணும்னாலும்."

"ஜித்தாவுக்கு?"

அந்தக் குரலிலேயே புரிந்துவிட்டது. உடனே போனில் தேடி, மெக்காவிலுள்ள காபாவின் படம் ஒன்றை எடுத்து, விரல்களால் பெரிதாக்கி அவர் முன்னே நீட்டினேன். "உம்ரா யாத்திரைக்கு நீங்களும் உங்க வீட்லயும் ஃப்ரீயா போயிட்டு வரலாம் பாய்." ஒரு மனிதனின் ஆசை எங்கே இருக்கிறது என்று தெரிந்த நொடியே அதில் கொக்கியை மாட்டுவதற்குப் பழகியிருந்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து நாற்பது பக்க நோட்டு ஒன்றுடன் வந்தார். பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறார். அவர் சொன்ன கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். கட்டணம் என்பது வட்டியா, கூலியா? பாயிண்ட் என்பது கடனுக்குக் கொடுப்பதா, வாங்குகிற பொருளுக்குக் கொடுப்பதா? தேதி தவறினால் என்ன? நான் சொன்ன பதில்களை எழுதிக்கொண்டு போனார். மறுநாள் வந்து கையெழுத்துப் போட்டார்.

"ஹஜ்ரத் இன்னா சொன்னார் தெரியுமாம்மா? கட்டணம் கூலி மாதிரி, குடுக்கலாம். ஆனா ஒரு நாள்கூடத் தேதி தவறக் கூடாதுன்னாரு."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். காசு கையில் வந்தால்தான் கார்டு பையை விட்டு வெளியே வரும். யாருக்காவது ஏசி வாங்கிக் கொடுக்கப் போனால், "பணத்த என் கையில குடுத்துடுங்க, கார்டு நான் தேய்க்கறேன்" என்பார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகே மெஷினில் கார்டைச் செருகுவார். அன்று சாயங்காலமே அந்தப் பணம் வங்கிக்குப் போய்விடும். பில் வரும்போது அதில் கட்ட வேண்டியது ஒன்றுமே இருக்காது. தெருவில் எட்டு வீட்டுக் கரண்ட் பில், இரண்டு வீட்டுப் பள்ளிக் கட்டணம், ஒரு கல்யாணத்துப் பாத்திரம் பண்டம் எல்லாம் அப்படித்தான் அவர் கார்டு வழியாகப் போயின. தொழுகைத் தொப்பியை நான்காக மடித்து, அதற்குள் கார்டைச் செருகி, சட்டைப் பையில் வைத்திருப்பார்.

இவ்வளவு கட்டணம் கொடுத்த ஒன்றில் எதுவும் வீணாகக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அந்தக் கார்டுக்கு விமான நிலைய லவுஞ்ச், அதாவது காத்திருக்கிற அறையும் சாப்பாடும், இலவசம் என்று கார்டோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடிந்த கையோடு மனைவியை பைக்கில் ஏற்றிக்கொண்டு திரிசூலம் விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார். டிக்கெட் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள் என்று வாசலிலிருந்த காவலர் சொல்லி அனுப்பிவிட்டார். என்னிடம் வந்து கோபமாகக் கேட்டார்: "ஏம்மா, பிளேன் ஏறுறவனுக்குத்தான் பிளேன்லயே சோறு போடுவானே, அவனுக்கு எதுக்கு ரூம்ல தனியா சோறு?"

இன்னொரு தடவை கோல்ஃப். வருடத்துக்கு நான்கு முறை இலவசமாக கோல்ஃப் ஆடலாம் என்று இருந்தது. அது என்ன ஆட்டம் என்று கேட்டார். சொன்னேன். அதை யாருக்காவது மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். சேலையூரில் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் ஏசி சர்வீஸ் செய்யும்போது, "சார், நீங்க என் பேர்ல போயி ஆடிட்டு வந்துடுங்களேன்" என்று கேட்டிருக்கிறார். அவர் சிரித்த சிரிப்பைப் பாய் எனக்கு நடித்துக் காட்டினார். அன்று எங்கள் கடையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தோம்.

ஒவ்வொரு ஏப்ரலும் கட்டணம் வரும். ஒவ்வொரு ஏப்ரலும் அந்த நோட்டோடு என் மேஜைக்கு வருவார். ஒரு பக்கம் கட்டணம், மறுபக்கம் கிடைத்ததெல்லாம். லவுஞ்சையும் கோல்ஃபையும் சிவப்புப் பேனாவால் அடித்திருப்பார். "இன்னாம்மா, இந்த வருஷம் கட்டுபடியாவுமா? நேர்மையாச் சொல்லு." நான் கூட்டிக் கழிப்பேன். உண்மையில் அவரைப் போல நூல் பிடித்தாற்போல் செலவழிக்கிறவருக்கு அது லாபம்தான். ஆகும் பாய் என்பேன். அவர் முகம் மலரும். அடுத்த வருடத்துக்கும் எனக்கு ஒரு மதிப்பெண்.

நான்காவது ஏப்ரலில் அவர் முகம் மலரவில்லை.

அவருடைய மனைவிக்குச் சர்க்கரை. அது கண்ணுக்குப் போய்விட்டது. இடது கண் ஏற்கெனவே போயாயிற்று. வலது கண்ணில் உள்ளே ரத்தம் கசிகிறது என்று லேசர் வைத்தார்கள். டாக்டர் பாயைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த அம்மா எதையாவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் இந்த வருடத்துக்குள் காட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"அவ ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணுதாம்மா" என்றார் பாய். நோட்டைத் திறக்கவில்லை. என்னையே பார்த்தார். "இப்ப சொல்லு. கட்டணம் கட்டட்டுமா? விட்டுடட்டுமா?"

இரண்டு டிக்கெட்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் பாயிண்ட் வேண்டும். அவரிடம் ஒரு லட்சத்து எட்டாயிரம் இருந்தது. கட்டணம் கட்டாவிட்டால் கார்டு ரத்து, அத்தனை பாயிண்டும் போய்விடும். கட்டினால் பத்தாயிரம் பாயிண்ட் போனஸாக வரும். மீதி இரண்டாயிரம்தான் சேர்க்க வேண்டும்.

"கட்டுங்க பாய். கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அங்கேயே கட்டினார்.

அதற்கு அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். செம்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன போர்ஷன். ஊரெல்லாம் ஏசி மாட்டுகிறவர் வீட்டில் இரண்டு மின்விசிறிதான். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா என் போனை வாங்கி, மூக்கு இடிக்கும்படி வலது கண்ணருகே வைத்துக்கொண்டு, நான் முன்பு பாயிடம் காட்டிய அந்தப் படத்தைப் பார்த்தார். "பெருசாக்கும்மா" என்றார். பெரிதாக்கினேன். "கறுப்புத் துணியில தங்க எழுத்து தெரியுது. போதும், இவ்வளவு தெரிஞ்சா போதும்" என்றார். அவர் கழுத்தில் கருகமணி மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் மகள் கல்யாணத்தோடு போயிருந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

கார்டு விற்கிறவளுக்குக் கார்டு கிடைப்பது சுலபம். என்னிடம் மூன்று இருந்தன. ஆட்டோ ஓட்டுகிற என் கணவர் முதுகில் அடிபட்டு எட்டு மாதம் படுத்திருந்தபோது அரிசி, மருந்து, வாடகை எல்லாம் அவற்றில்தான் ஓடின. தேதிக்குள் முழுசாகக் கட்டிவிடுங்கள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, நான் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி, வட்டிக்கு வட்டி ஏற விட்டுக்கொண்டிருந்தேன். இதற்கு நடுவே என் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. தொண்ணூறாயிரம். ஜூன் இருபதுக்குள் கட்டவில்லை என்றால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். ஏலச்சீட்டில் எனக்குத் தொண்ணூற்றைந்தாயிரம் வரவேண்டியிருந்தது. ஆனால் அது ஜூலை ஐந்தாம் தேதிதான்.

அந்த வெயில் காலம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் பாய் யாரையும் ஏசி வாங்க அழைத்துவரவில்லை, பாயிண்டும் ஏறவில்லை. அவரிடம் கேட்டேன். கேட்ட விதத்தைச் சொல்கிறேன். "பாய், உங்களுக்கும் ரெண்டாயிரம் பாயிண்ட் பத்தலையே. இந்தத் தொண்ணூறாயிரத்தைத் தேய்ச்சா அது வந்துடும். ஜூலை அஞ்சாந்தேதி சீட்டு எடுத்துப் பணத்தை உங்க கையில வெச்சுடறேன். கடைசித் தேதி பன்னெண்டுதானே?" மறுபடியும் அதே கொக்கி. அதே இடத்தில் மாட்டினேன்.

அவர் பையைத் தொட்டார், கையை எடுத்தார். "காசு வராம கார்ட எடுத்ததில்லம்மா" என்றார்.

"தெரியும் பாய்."

"அஞ்சாந்தேதி வந்துடும்ல?"

"என் பொண்ணு மேல சத்தியமா."

தொப்பியை விரித்துக் கார்டை எடுத்தார். கல்லூரி கவுன்டரில் என் மகள் அவருடைய காலைத் தொட்டாள். "அதெல்லாம் வேணாம், நல்லாப் படி" என்று பதறிப் பின்னால் நகர்ந்தார்.

ஐந்தாம் தேதி சீட்டுப் பணம் வந்தது. சொன்னபடி வந்தது. ஆறாம் தேதி காலையில் வசூல்காரர்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். உள்ளே என் மகள் கல்லூரிச் சீருடையைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். எழுபதாயிரத்தை எடுத்து அவர்களிடம் கொடுத்தேன். மிச்சம் இருபத்தைந்தாயிரம். பதினைந்தாம் தேதி இன்னொரு வங்கியின் ஆட்கள் வருவார்கள் என்பதால் அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன்.

ஒன்பதாம் தேதி பாய் வந்தார். சீட்டு தள்ளிப்போய்விட்டது என்று சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது. அவரிடமும் பணமில்லை என்று எனக்குத் தெரியும். லேசருக்குக் கையிருப்பு போயிருந்தது. ஜூலையில் ஏசி வேலையும் இருக்காது. நகை இருந்திருந்தாலும் அடகு வைக்க முடியாது, அடகும் வட்டிதான். மூன்று நாள் அவர் எங்கெல்லாம் அலைந்தார் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் தேதி மூன்று மணிக்குக் கடைக்கு வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அறுவத்தேழு சேந்துடுச்சும்மா. மச்சான் இருவது குடுத்தாரு. பழைய செம்பெல்லாம் எடைக்குப் போட்டேன். பைக்கையும் குடுத்துட்டேன். இருவத்திமூணு கொறையுது. இன்னா பண்ணலாம்? நீ வங்கில சொல்லி நாலு நாள் டைம் வாங்க முடியுமா?"

இருபத்துமூன்று. என் பீரோவில் இருபத்தைந்து இருந்தது. கடையிலிருந்து என் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம்.

"டைம் எல்லாம் தரமாட்டாங்க பாய். இருக்கறதைக் கட்டிடுங்க. மிச்சம் அடுத்த மாசம் பாத்துக்கலாம். ஒரு மாச வட்டிதானே? அதை நானே கட்டிடறேன்."

இப்படித்தான் சொன்னேன். வட்டி என்றால் ஒரு தொகை, அதை யார் கட்டினால் என்ன என்றுதான் நான் நினைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. அதுவரை தமிழில் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி திடீரென்று வேறு பாஷை பேசியதுபோலப் பார்த்தார். பிறகு எழுந்து, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நான் அன்று ஒரு பிரீமியம் கார்டு விற்றேன்.

ஒரு ரூபாய் குறைந்தாலும் மொத்தத் தொகைக்கும், கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி போடுவார்கள். இதை நான் எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. அடுத்த பில்லில் அந்த வரி இருந்தது: மூவாயிரத்துச் சொச்சம் வட்டி.

இருபத்து மூவாயிரத்தையும் அந்த வட்டியையும் எங்கே வாங்கிக் கட்டினாரோ, கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். பாயிண்ட் ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. நான் துடித்துக்கொண்டு சொன்னேன்: "பாய், டிக்கெட் போட்டுடலாம். இப்பவே போடறேன். செப்டம்பர்ல சீட் இருக்கு, நான் பாத்துட்டேன்."

"வேணாம்மா."

"ஹஜ்ரத்தைக் கேளுங்க பாய்!"

"கேட்டேன். உன் மேல தப்பில்ல, மன்னிப்பு கேட்டுக்கினு போயிட்டு வான்னாரு. நல்ல மனுஷன்." தாடியைத் தடவிக்கொண்டார். "அவரு போவலாம்னு சொல்றாரு. என் காலு போவலைம்மா. வட்டி கலந்த பாயிண்ட்ல ஏறி அந்த எடத்துல போயி எப்படி நிப்பேன்?"

கடைக்கு நடுவில் நின்று நான் கெஞ்சினேன். அக்காவின் கண்ணைச் சொல்லிக் கெஞ்சினேன். டாக்டர் சொன்னதை அவருக்கே ஞாபகப்படுத்தினேன். பீரோவில் இருந்த பணத்தைச் சொல்லிவிடலாமா என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்தார். அதில் பத்துப் பதினொரு விலாசங்கள் எழுதியிருந்தன.

"பாயிண்ட்டுக்குச் சாமான் குடுப்பாங்கல்ல, அதுல மிக்ஸி கீதான்னு பாரு. எத்தினி வரும்?"

பதினொன்று வந்தது. ஜித்தாவுக்கு இரண்டு டிக்கெட், பட்டியலில் பதினொரு மிக்ஸியாக மாறியது. அவ்வளவு அநியாயமான மாற்று விலை. கட்டுபடியாகுமா என்று அன்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு விலாசமாக அவர் படிக்க, நான் தட்டச்சு செய்தேன். ஏரிக்கரையில் மீன் விற்கிற அம்மா. பள்ளிவாசல் பெருக்குகிறவர். கணவனை இழந்த ஒரு பெண். ஒவ்வொன்றுக்கும் அவர் போனுக்கு ஓடிபி எண் வரும். அதை நிதானமாக வாசிப்பார். கடைசியாகப் பதினோராவது விலாசத்தைப் படித்தார். பாதி அடித்த பிறகுதான் என் கை நின்றது.

"பாய், இது எங்க வீடு."

"தெரியும்மா. அடி."

"எனக்கு எதுக்கு பாய்?"

"புண்ணியத்துக்குக் குடுக்கலம்மா. என் கையில வெச்சிக்க ஆவாதது இது. கஷ்டத்துல கீறவங்ககிட்ட தள்ளிவுட்டுடணும்." பிறகு நோட்டை மூடிக்கொண்டே சொன்னார்: "நேத்து உங்க சீட்டுக்கார அம்மா வூட்ல ஏசி பாக்கப் போனேன்."

சீட்டுப் பணம் ஐந்தாம் தேதியே எனக்கு வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என் விலாசத்தை நானே அடித்து முடித்தேன். எண்ணை அவர் வாசித்தார். பிறகு கார்டை ரத்து செய்யச் சொன்னார். கடைக் கத்தரியால் அதை இரண்டாக வெட்டி, தொப்பியை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

டிசம்பரில் அக்காவின் வலது கண்ணும் போய்விட்டது.

தொண்ணூறாயிரத்தையும் நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பதினான்கு மாதங்களில். வட்டியாகப் போன மூவாயிரத்துச் சொச்சத்தையும் சேர்த்து வைத்தபோது பாய் அதை மட்டும் விரலால் என் பக்கம் தள்ளினார். கடைசித் தவணையோடு அவர்கள் வீட்டுக்குப் போனது போன வருடம். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் கையை நீட்டி என் முகத்தைத் தடவினார்.

"காசு தராம ஏமாத்துனது யாருன்னு கேட்டா இவங்க வாயே தெறக்கறதில்ல" என்றார். "அல்லா அவங்க கஷ்டத்தையும் லேசாக்கட்டும். உனக்குன்னு தனியா துவா செய்யறேம்மா, அஞ்சு வேளையும். எங்களுக்காக எவ்ளோ பாடுபட்ட நீ!"

பாய் சமையலறை வாசலில் டீ டம்ளர்களோடு நின்றிருந்தார். அவர் இவ்வளவு நாளும் என் பெயரைச் சொல்லவில்லை.

"அந்தப் படம் வெச்சிருக்கியாம்மா? அன்னைக்குக் காட்டுனியே."

அந்தப் போன் எப்போதோ உடைந்துபோயிருந்தது. இருக்கு அக்கா என்று சொல்லிவிட்டு, அவசரமாகத் தேடி ஒரு படத்தை இறக்கி, பெரிதாக்கி, அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போன் திரையின் மேல் உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். படம் நகர்ந்து அடுத்த படத்துக்குப் போனது. வெள்ளைக் கோட்டில், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா அதை எடுத்து முத்தமிட்டு, வலது கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பாய் பார்த்தார். அருகில் வந்து போனை மெல்ல வாங்கி, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நல்லாப் படிக்குதா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப கட்டுபடியாச்சு" என்று சொல்லிவிட்டு, டீயை என் கையில் கொடுத்தார். அக்கா இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று, போனுக்காக இரண்டு கையையும் நீட்டியபடியே இருந்தார்.